மூச்சுக்கு ஒரு சாட்சி

தவரத்தினத்தின் இதயத்தைப் படம் பிடித்துப் பார்த்தார்கள்; நல்ல இதயம் என்றார்கள். குழாயொன்றைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். வயதுக்குப் பரவாயில்லாத ஊதல் என்றார்கள். இரத்தத்திலும் குறைசொல்ல ஒன்றுமில்லை. இவ்வளவு நல்ல பெயரை அவர் பள்ளிக்கூடத்தில்கூட வாங்கியதில்லை. ஆனால் இரவில், யாரோ கிணற்றுக்குள் அமுக்கிப் பிடித்ததுபோல மூச்சு முட்டி எழும்பிக் குந்துவார். வாயைத் திறந்தால் காற்று உள்ளே வர யோசிக்கும். பிறகு, போனால் போகிறதென்று வரும். ஒருநாள் அது யோசித்துவிட்டு வராமலே இருந்துவிட்டால்? அதுதான் அவருடைய பயம்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இதற்குக் காரணம் தெரியாத ஆளே கிடையாது. தேநீர்க்கடையில் வாய்வு என்றார்கள். சலூனில் கண்ணூறு என்றார்கள். கோயில் வாசலில் நின்ற ஒருவர், வடக்கே தலைவைத்துப் படுக்கிறீரோ என்று கேட்டார். அன்றைக்கே தவரத்தினம் தலையணையைத் தூக்கிக் கால்மாட்டில் போட்டார். ஏனென்று கேட்ட மனைவி தில்லைநாயகியிடம் யன்னலால் குளிர் வருகிறது என்றார். அதற்குப் பிறகு அவருக்குத் தெற்கே தலைவைத்து மூச்சு முட்டியது.

குடும்ப வைத்தியர் ஆரெலி இளம்பெண். பொறுமைசாலி.

"தூக்கத்தில் உங்கள் மூச்சு நின்று போகிறதா?" என்று கேட்டார்.

"நான் அப்போது தூக்கத்தில் அல்லவா இருப்பேன்?" என்றார் தவரத்தினம், தன் சமையலறைப் பிரெஞ்சில்.

"நியாயம்தான். அப்படியானால் பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நேரில் பார்த்தவர் சொன்னால்தான் அடுத்து எந்தப் பக்கம் தேடுவது என்று எனக்குத் தெரியும்."

அங்கேதான் இடித்தது. தவரத்தினம் ரெஸ்தோரன் வேலை முடிந்து கடைசி ரயிலில், நகருக்கு வெளியே கார்ஜிலிருந்த வீட்டுக்கு வருவார். தில்லைநாயகி அலுவலகங்கள் கூட்டித் துடைக்க முதல் ரயிலில் பாரிசுக்குப் போவாள். இடையில் அந்தக் கட்டிலில் இருவரும் ஒன்றாகக் கிடப்பது கொஞ்ச நேரம். மூச்சு முட்டுவதெல்லாம் அவள் வேலைக்குப் போன பிறகுதான் என்பது அவருடைய கணக்கு. சொன்னால் அவள் வேலைக்குப் போகும்வரை அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவளுக்கு இருக்கும் அந்த அரைத் தூக்கத்தையும் பறிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆகவே தவரத்தினம் தன் வாழ்க்கையின் மிகப் புத்திசாலித்தனமான முடிவுகளில் ஒன்றை எடுத்தார். நேரே லா சப்பலில் நண்பன் குணரத்தினத்தின் பலசரக்குக் கடைக்குப் போனார்.

"மச்சான், நான் படுக்கிறதை நீ ஒருக்காப் பாக்க வேணும்."

குணரத்தினம் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டைக் கீழே வைத்தார். "என்னடாப்பா, வயசு போன நேரத்திலை?"

விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் குணரத்தினத்தின் முகம் மாறிவிட்டது. மத்தியானம், சனம் குறைந்த நேரம் பார்த்து, கடையின் பின்னறையில் அரிசி மூட்டைகளைச் சமனாக அடுக்கிக் கொடுத்தார். தான் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் குந்தி, போனின் வெளிச்சத்தை நண்பனின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"படுத்திட்டியோ?"

"நீ கேட்டா நான் எப்பிடியடா படுக்கிறது?"

"சரி, நான் வாயே திறக்கேல்லை."

குணரத்தினம் பெட்டியைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

"படுத்திட்டியோ?"

மறுமொழியாகக் குறட்டைதான் வந்தது. மாதக்கணக்கில் தூங்காத உடம்பு; மூட்டையிலும் தூங்கும்.

வழக்கமான அந்தக் கிணறு. வழக்கமான அந்தக் கை. தவரத்தினம் பெரிய சத்தத்தோடு காற்றை இழுத்துக்கொண்டு எழும்பியபோது, எதிரே இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று குணரத்தினத்துடையது, சுண்ணாம்பு நிறத்தில். மற்றது வேலை முடிந்து கீரை வாங்க வந்த தில்லைநாயகியுடையது.

"தங்கச்சி, நான் ஒண்டும் செய்யேல்லை!" குணரத்தினம் போனோடு கையை உயர்த்தினார். "அவனாத்தான் மூச்சை நிப்பாட்டினவன்!"

"தெரியும், குணமண்ணை. இது கனநாளாய் நடக்குது."

தவரத்தினத்துக்கு வந்த மூச்சு திரும்பவும் போனது. "உமக்குத் தெரியுமோ?"

"தெரியாமல்? வேலைக்குப் போக வெளிக்கிட்டு, கோட்டும் போட்டுக்கொண்டு அறை வாசல்லை நிப்பன். உங்கடை சத்தம் நிண்டிடும். திரும்ப வந்தாப் பிறகுதான் கதவைச் சாத்திப்போட்டுப் போறனான். எத்தினை நாள் முதல் ரயிலை விட்டிட்டன். மேற்பார்வைக்காரியிட்டை வாங்காத பேச்சில்லை."

"அப்ப ஏனப்பா என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

தில்லைநாயகி கீரைப் பையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எங்கடை ஆக்களிட்டை ஆர் அதைக் கேக்கிறது? இரவிலை திடுக்கிட்டு எழும்பினால், ஊரிலை சண்டைக்குள்ளை ஏதோ பட்டிருக்கினம் எண்டு விட்டிடுவம். என்ரை அண்ணையும் இப்பிடித்தான் எழும்புறவர். இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் வாய் திறந்து கேட்டதில்லை. நீங்களும் ஏதோ பட்டுப்போட்டுச் சொல்லாமல் இருக்கிறியள் எண்டு..."

குணரத்தினம் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். அவருடைய வீட்டிலும் யாரும் கேட்காத ஒன்று இருந்தது.

தவரத்தினத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு மரியாதையாகக் காவல் காக்கப்பட்ட ஒரு துன்பம் தன்னிடம் இல்லையே என்ற வெட்கம்.

"எனக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையப்பா. ஆமி ஒருக்கா சைக்கிளைப் பறிச்சது. அதையும் அடுத்த நாள் தந்திட்டாங்கள்."

அவள் கீரைப் பையை மூட்டைமேல் வைத்தாள்.

"அப்ப ஒரு சைக்கிளுக்கே நான் இவ்வளவு நாளும் ரயிலை விட்டனான்?"

முதலில் சிரித்தது குணரத்தினம். பிறகு அவள். சிரித்துக்கொண்டே சால்வை நுனியால் கண்ணையும் துடைத்தாள். "எழும்புங்கோ, முதுகெல்லாம் அரிசி. நாளைக்கு டொக்டரிட்டை நான் வாறன்."

ஆரெலியின் முன்னால் தில்லைநாயகிக்குப் பிரெஞ்சு போதவில்லை. போதாவிட்டால் என்ன? கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, கணவனாக மாறினாள். குறட்டை விட்டாள், தவரத்தினம் சுவரைப் பார்த்தார். குறட்டை ஏறியது, இறங்கியது, சட்டென்று நின்றது. அறையில் ஒரு சத்தமுமில்லை. அவள் அசையவில்லை. வைத்தியர் பேனாவை வைத்தார். இன்னும் அவள் அசையவில்லை. வைத்தியர் பாதி எழுந்துவிட்டார். அப்போது தில்லைநாயகி பெருஞ்சத்தத்தோடு மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்து, "இப்படித்தான், மதாம்" என்றாள்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த தவரத்தினம் எப்போதோ அவள் பக்கம் திரும்பியிருந்தார். தன் மூச்சு நிற்பதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அந்த வாசலில் கோட்டோடு நிற்பது எப்படி இருந்திருக்கும் என்பதையும்.

"இதற்கு இன்னும் நான் பெயர் வைக்க மாட்டேன்," என்றார் ஆரெலி. "ஆனால் இவ்வளவு நாளும் பகலில் தேடிக்கொண்டிருந்தோம். இனித் தூக்கத்துக்குள் தேடுவோம். ஒரு சின்னக் கருவி தருவார்கள். கட்டிக்கொண்டு வீட்டிலேயே படுக்கலாம். அது ராத்திரி முழுக்க உங்கள் மூச்சைக் கவனிக்கும்."

"அப்ப எனக்கு லீவோ?" என்றாள் தில்லைநாயகி தமிழில், கணவனைப் பார்த்து.

பகல் நேர ரயிலில் இடம் தாராளமாக இருந்தது. இருவரும் ஒன்றாக வீட்டுக்குப் போய் எவ்வளவு காலம் என்று யோசிக்கத் தொடங்கிய தவரத்தினம், யோசித்து முடிக்குமுன் யன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார். விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"வந்திட்டுதோ?"

"இல்லை, இது பியர்ஃபித் ஸ்டேசன்தான். மூச்சு நிண்டது, இடிச்சனான். இப்ப வந்திட்டுது. நீங்கள் படுங்கோ."

அவர் கண்ணை மூடினார். கிணறு அங்கேதான் இருந்தது. ஆனால் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பது இப்போது தெரியும்.

மறுபடி விழித்தபோது வெளியே இருந்த பெயர்ப்பலகை அவருக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. வில்லியே லே பெல்.

"என்னப்பா, கார்ஜைத் தாண்டி வந்திட்டம்! நீரும் படுத்திட்டீரோ?"

"நான் முழிச்சுத்தான் இருந்தனான்," என்றாள் தில்லைநாயகி. "நீங்கள் நல்ல வடிவாய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தியள். எழுப்ப மனம் வரேல்லை."