காய்ச்சல் இல்லாத ஏழு ஆண்டுகள்

ஏழு ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக் காய்ச்சல் அட்டையில் நான் கையெழுத்திட்டு வந்தேன். புளூ காய்ச்சல் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று அறிய, மருத்துவ ஆய்வுக்காரர்கள் பினாங்கில் நூற்றிருபது குடும்பங்களைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். வாரம் ஓர் அட்டை. ஆண்டுக்கு இருமுறை இரத்தம். துறைமுகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் கையெழுத்தை யாரும் சந்தேகித்ததில்லை.

1983 மார்ச், ஒரு புதன்கிழமை. இரத்தம் எடுக்க வந்த தாதி சபூரா, எங்கள் அட்டைகளை ஆய்விலிருந்து நீக்கப்போவதாகச் சொன்னாள்.

"ஏன்?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. ஏழு வருசமும் 'காய்ச்சல் இல்லை'னே எழுதியிருக்கீங்க. உங்க வீட்டம்மா ரத்தத்துல மூணு தடவை புளூ வந்துபோன அடையாளம் இருக்கு."

"இந்த அம்பிகைபாகன் பொய் எழுதினான் எண்டு சொல்லுறியோ?"

"நான் சொல்லலைய்யா. ரத்தத்துக்கு நீங்க பெரிய கிராணின்னு தெரியாது லா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. குப்பிகளை மாற்றிவிட்டீர்கள், மேலிடத்துக்கு எழுதுவேன் என்று கத்தினேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டேன்.

"நல்லம்மா, உனக்கு எப்பவாவது காய்ச்சல் வந்ததோ? இவளுக்கு முன்னால சொல்லு."

"வந்தது. எங்கட மகள் யோகலட்சுமியைப் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு நூற்றி மூண்டு. அதோடதான் இருபது பேருக்குச் சமைச்சனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டனீங்களோ? நான் தேத்தண்ணி கொண்டு வரேக்க அட்டை எழுதி முடிஞ்சிருக்கும். வீட்டில நோயெண்டு வெளியில தெரிஞ்சால் பெட்டைக்குச் சம்பந்தம் வராது எண்டு சொன்னதும் நீங்கள்தானே."

பிற பெண் முன் என் வீட்டு மானம் போயிற்று. "எல்லா அட்டையையும் எறி! இனி இந்த வீட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் வராது" என்று மேசையில் அடித்தேன்.

"அட்டை உங்கட. ரத்தம் என்ர," என்றாள் நல்லம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். "எடு பிள்ளை."

முழங்கையைத் தொட்ட சபூரா திடுக்கிட்டாள். "அம்மா, நெருப்பா கொதிக்குதே! எப்பலேருந்து?"

"ஞாயிற்றுக்கிழமை."

இந்த வாரத்து அட்டை மேசைமேல் கிடந்தது. திங்கட்கிழமை நான் எழுதியது: காய்ச்சல் இல்லை.

சபூரா என்னைப் பார்க்கவில்லை. நல்லம்மாவும் பார்க்கவில்லை. பேனையை எடுத்து என் கையெழுத்தை நானே கோடிட்டு வெட்டினேன். அழுத்திய அழுத்தில் அட்டை கிழிந்தது.