குழாயடியில் அருளப்பன்

எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மனிதரை, தன் அஞ்சலிக் கூட்டத்தில் முதல் ஆளாகப் பேச வைக்கும்படி ஒருவர் எழுதி வைத்துவிட்டுச் செத்தால், அதில் ஏதோ உள்குத்து இருக்கத்தானே வேண்டும்? கலியமூர்த்தி அப்படித்தான் நினைத்தார்.

"அப்பா கைப்பட எழுதியிருக்காரு மாமா. நீங்கதான் மொதல்ல பேசணுமாம்" என்று அருளப்பனின் மகள் இளமதி கடலூரிலிருந்து போன் செய்தாள்.

"ஏனாம்?"

"அது எழுதல மாமா."

எழுதுவாரா! காலனிக்காரன் ஒருத்தனை மேடையில் நிறுத்திவிட்டால் ஊர் மெச்சுமே. செத்தும் பேர் வாங்கப் பார்க்கிறார் மனுஷன் என்று கலியமூர்த்தி பொருமினார்.

இருவரும் கடலூரில் ஒரே ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் பக்கத்து மேஜைக்காரர்கள். டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுச் சாப்பிட்டவர்கள். ரிட்டயரான பிறகும் மாதம் ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் அருளப்பன் பஸ் ஏறி, சிதம்பரத்தை ஒட்டிய காலனியில் இருந்த கலியமூர்த்தி வீட்டுக்குச் சாப்பிட வருவார். கலியமூர்த்தியின் மனைவி முத்தம்மாள் எறா வாங்கித் தொக்கு வைத்தால் மட்டும் தொடமாட்டார். "எனக்கு வேணாம்மா" என்று சாம்பாரோடு நிறுத்திக்கொள்வார். சரி, போகட்டும். ஆனால் மூன்றரை மணி வாக்கில் பின்பக்கம் முருங்கை மரத்தை ஒட்டிய குழாயடிக்குப் போய் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வாயை மூன்று தரம் கொப்பளிப்பார். மூக்கைச் சிந்துவார். முகம், முழங்கை, தலை, கால் என்று ஒன்று விடாமல் கழுவுவார்.

"நம்ம வூட்டுச் சோத்தத் தின்னுட்டுத் தீட்டு கழிக்கிறாருங்க உங்க சினேகிதரு" என்று முத்தம்மாள் ஒரு நாள் சொல்லி அழுதாள்.

அடுத்த மாதம் கலியமூர்த்தியே ஜன்னலோரம் நின்று பார்த்தார். அதே கொப்பளிப்பு, அதே கழுவல். அதற்கு மேல் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னலைச் சாத்தினார். ஆபீஸில் சமத்துவம், காலனியில் தீட்டா? மறு வாரமே ஆள் வைத்து அந்தக் குழாயைப் பிடுங்கிப்போட்டார். அடுத்த முறை வந்த அருளப்பன் குழாய் இல்லாத சுவரைப் பார்த்தார், முகம் செத்துப்போயிற்று. ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பியவர் பிறகு வரவேயில்லை. குட்டு உடைந்ததும் ஓடிவிட்டார் என்றுதான் இருவரும் முடிவு கட்டினார்கள்.

"போங்க. மைக்குலயே கேட்டுட்டு வாங்க" என்று முத்தம்மாள் இப்போது அனுப்பி வைத்தாள்.

கடலூர் மஞ்சக்குப்பம் ஹாலில் நுழைந்ததுமே கலியமூர்த்திக்குச் சந்தேகம் இரட்டிப்பாயிற்று. முன்வரிசையில் ஃபாதர், அவர் பக்கத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த, தொப்பி போட்ட பாய்மார்கள். அருளப்பன் படத்தின் முன்னால் பைபிள், குர்ஆன், எழுத்தே புரியாத இன்னொரு புத்தகம். இதென்ன கூத்து? எந்தக் கட்சிக்காரன் ஏற்பாடு? எரிச்சலோடு வெளியே வந்தார்.

வெளிக்குழாயில் ஒரு பெரியவர் வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். மூன்று தரம். பிறகு மூக்கு, முகம், முழங்கை. கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பாய், எதுக்கு இப்புடிக் கழுவுறீங்க?"

"மூணரை மணிக்கு மேல அஸர் தொழுக இருக்குல்ல சார், அதுக்கு முன்னாடி இப்புடிக் கழுவி ஒளு செய்யறேன். நான் கவுஸ் மரைக்காயர், அருளப்பனோட சினேகிதன்."

"அருளப்பன் சாரும் இப்புடித்தான் கழுவுவாரு."

"அவரும் தொழுவாரே! சனிக்கிழம யூதருங்க மாதிரி ஓய்வு, ஞாயித்துக்கிழம பூச, தெனம் அஞ்சு வேள தொழுக. மூணு மதத்துக்காரங்களும் ஆபிரகாம் புள்ளைங்கதான், ஒண்ண விட்டா கூடப்பொறந்தவன விட்ட மாதிரிம்பாரு. யூத வேதத்துல கூடாதுன்னு எறா கூடத் தொடமாட்டாரு, எங்க வூட்டுக்குச் சாப்புட வந்தாலும் அப்புடித்தான். வெளிய சொல்லிக்கல. ஃபாதரு வருத்தப்படுவாரு, எங்க ஜமாத்துல கேள்வி கேப்பாங்கன்னு பயம். செத்தப்புறம் மூணு வேதத்தையும் படத்துக்கு முன்னால வைக்கணும்னு மட்டும் எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு."

கலியமூர்த்தி குழாயருகே நெருங்கிப் போனார். "எங்க தொழுவாரு?"

"சிதம்பரத்துல ஒரு சினேகிதரு வூடாம். பின்பக்கம் முருங்க மரத்தடியில. நான் மனசாரத் தொழுற எடம் அது ஒண்ணுதான் பாய்ம்பாரு. பாவம், தொழுறது எப்படியோ தெரிஞ்சுபோயி அந்தாளு குழாயையே எடுத்துட்டாராம். அவருக்குப் பிடிக்கல போலருக்கு, அவர் வூடு, அவர் இஷ்டம்னு சொல்லி அழுதாரு."

உள்ளே இளமதி மைக்கில் அவர் பேரைக் கூப்பிட்டாள். எப்படி மேடை ஏறினார் என்று கலியமூர்த்திக்கே தெரியாது.

"அந்தக் குழாயப் பிடுங்குனவன் நான்தான்" என்றார். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் ஈரக்கையோடு நின்ற மரைக்காயருக்குப் புரிந்தது. "தீட்டுக்குக் கழுவுறாருன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், கேக்கல. அவராவது கேட்டிருக்கக்கூடாதா, பாவி மனுஷன்!" மேடை என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார்.

கீழே இறங்கியதும் பையில் போன் அடித்தது. முத்தம்மாள்தான்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். முத்து, இனிமே அந்த முருங்க மரத்தடியில செருப்போட போவாத."