மிச்சமிருந்த இருபது நிமிடங்கள்

கோல் காப்பாளனுக்குப் பேச ஆள் இல்லை. மற்றப் பத்துப் பேரும் ஓடிக்கொண்டும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டும் இருக்க, அவன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே தனியே நிற்கிறான். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்பது வருடங்களாக யாரிடமும் சொல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது.

1988 ஓகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் தமிழ்க் கழகங்களின் உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். நாங்கள் பாடன் கழகம். எதிரே உள்ளூர்க் கழகம். எங்கள் பயிற்றுநர் தவராஜா சேர். யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியிலும் அவர்தான் பயிற்றுநர். அவர் அகதியாக வந்து சேர்ந்த அன்று பாடன் ரயில் நிலையத்துக்குப் பதினான்கு பேர் போய் மாலை போட்டோம். நானும் போட்டேன்.

சேர் நின்றால் அவருக்கு முன்னால் யாரும் உட்கார்ந்து இருப்பதில்லை. அது கல்லூரி வழக்கம். சுவிஸிலும் அது எங்களோடு வந்துவிட்டது. பயிற்சி முடிந்து கால் நடுங்கினாலும், அவர் பேசி முடிக்கும்வரை வரிசையில் நிற்போம். “நோவை நினைச்சாத்தான் நோகும்” என்பார்.

1979இல், அரையிறுதி ஆட்டத்துக்கு முந்திய கிழமை, பயிற்சியின்போது சந்திரகுமார் பந்துக்குத் துள்ளியெழுந்து என் பக்கத்துக் கம்பத்தில் தலையை அடித்துக்கொண்டான். சற்று நேரம் கிடந்தான். சேர் அவன் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி, திரும்பவும் ஓடவிட்டார். ஓடுவதற்கு முன் சந்திரகுமார் என்னைப் பார்த்து, “ரவி, எங்கடை கோல் எது?” என்று கேட்டான். பகிடி விடுகிறான் என்று சிரித்தேன். “நீ சாய்ஞ்சுகொண்டு நிக்கிறது தான்” என்றேன்.

அன்று பின்னேரமே வாந்தியெடுத்து விழுந்தான். மூன்றாம் நாள் பெரியாசுப்பத்திரியில் இறந்தான். அடுத்த நாள் சேர் எங்களை விளையாட்டுச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. பயிற்சி முடிந்து வீடு திரும்புகையில் சந்திரகுமார் சைக்கிளிலிருந்து விழுந்ததை நாங்கள் கண்டதாக அதில் எழுதியிருந்தது. “கல்லூரியின்ரை பேர்” என்றார். பத்துப் பேர் கையெழுத்து வைத்தோம். என்னுடையது ஏழாவது.

சந்திரகுமாரின் அக்கா ஜெயந்தி பாடனில்தான் இருந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். மழையென்றாலும் பனியென்றாலும் நடைதான். ஒருமுறை அவர் வீட்டில் தேநீர் குடிக்கும்போது, ஏன் ஒரு சைக்கிள் எடுக்கவில்லை என்று கேட்டேன்.

“அண்டைக்குக் காலமை அவன்ரை சைக்கிளை நான்தான் கடைக்குக் கொண்டுபோனனான், ரவி. முன் பிறேக் பிடிக்கேல்லை. அவனுக்குச் சொல்ல மறந்துபோனன்.”

நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறி மேலே ஆடை படிந்தது. அவர் மேலும் ஏதாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன். பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

இறுதி ஆட்டத்தில் அணிக்கு ஒரு கோல். இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. எங்கள் பக்கம் ஒரு கோர்ணர் அடி வந்தது. முன்வரிசை ஆட்டக்காரன் தியாகலிங்கம், மட்டக்களப்புப் பெடியன், உதவிக்குப் பின்னால் ஓடிவந்து துள்ளினான். என் இடது கம்பத்தில் தலை பட்டது. பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

சேர் ஈரப் பஞ்சோடு ஓடிவந்து அவன் பிடரியில் வைத்து அழுத்தினார். குனிந்து மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. “எழும்பு. ஆசுப்பத்திரி எண்டு போனா ஃபைலிலை ஏறும். வருத்தக்காரனை இவங்கள் வைச்சிருக்க மாட்டாங்கள்.”

இதை நாங்கள் எல்லோருமே பாதி நம்பியிருந்தோம். அகதிக் கோரிக்கைக்கு முடிவு வராத காலம். காய்ச்சலோடு உணவகங்களில் கோப்பை கழுவினோம். சூத்தைப் பல்லோடு மாதக்கணக்கில் இருந்தோம். நோயாளி என்று பெயர் பதிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

தியாகலிங்கம் எழுந்து நின்றான். நடுவர் கேட்டபோது பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ ரகசியம் கேட்பதுபோல் கேட்டான்.

“அண்ண, நாம எந்தப் பக்கம் அடிக்கிறம்?”

விசில் ஊதிற்று. மறுபடியும் கோர்ணர். பந்து உயரமாக வந்தது, பிடித்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கோல் காப்பாளன் நான்கு அடி எடுத்து வைக்கலாம். ஐந்தாவதும் வைத்தேன். ஆறாவதும். பெனால்ட்டி எல்லையைத் தாண்டியும் நடந்துகொண்டே இருந்தேன்.

“என்ன மச்சான், பந்தை வீட்டை கொண்டுபோறியோ?” என்று எதிரணித் தலைவன் தில்லைநாதன் கேட்டான். எல்லைக் கோட்டுக்கு அப்பால் நின்றவர்கள் சிரித்தார்கள். “விடுங்கோ, ஆள் கடைக்குப் போகுது” என்றது ஒரு குரல். நடுவர் ஓய்வுபெற்ற சுவிஸ் தபால்காரர். மூச்சு வாங்க ஓடிவந்து மஞ்சள் அட்டையைக் காட்டினார். நான் சேர் நின்ற இடத்துக்குப் போய், பந்தைக் கீழே வைத்து, அதன்மேல் குந்தி இருந்தேன்.

சிரிப்பு நின்றுவிட்டது.

“எழும்படா” என்றார் சேர்.

“தியாகு வெளியிலை வரட்டும், சேர்.”

“அதை நான் முடிவெடுப்பன்.”

“ஒருக்கா முடிவெடுத்தனீங்கள், சேர்.”

அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. பத்தடி தள்ளி, ஆட்டம் பார்க்க வந்திருந்த ஜெயந்தி அக்கா யாருக்கோ பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துச் சொன்னேன். உரக்கச் சொன்னேன்.

“அக்கா, சந்திரன் சைக்கிளாலை விழேல்லை. கோல் போஸ்டிலை தலை அடிபட்டது. சேர் திரும்ப ஓடவிட்டவர். சைக்கிள் எண்டு எழுதின கடிதத்திலை நானும் கையெழுத்து வைச்சனான்.”

அவர் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். அதற்கு நிறைய நேரம் எடுத்தது. பிறகு கேட்டார்.

“அப்ப பிறேக்?”

“சைக்கிள் அண்டைக்குப் பின்னேரம் முழுக்கக் கல்லூரிக் கொட்டிலுக்குள்ளைதான் நிண்டது, அக்கா. அடிபட்ட பிறகு அவன் அதிலை ஏறவேயில்லை.”

மகேஸ்வரன் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன், கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு ஆடுகிறவன். நடந்து வந்து என் பக்கத்தில் புல்லில் இருந்தான். “நானும் வைச்சனான்” என்றான். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். கடிதத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் உட்கார்ந்தார்கள். தில்லைநாதன் வேறு கல்லூரியில் ஆடியவன். இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். “எங்களுக்கும் இப்பிடி ஒரு சேர் இருந்தவர். பேர்தான் வேறை” என்று சொல்லிவிட்டு அவனும் புல்லில் இருந்தான். அவன் அணி முழுவதும் இருந்தது. மைதானத்தில் நின்றவர்கள் மூன்று பேர்தான்: தவராஜா சேர், நடுவர், எந்தப் பக்கம் அடிப்பது என்று தெரியாத தியாகலிங்கம்.

எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்களில் மூன்றுதான் அப்போது வாயில் வந்தன. “கொப்ஃ” என்று தலையைத் தொட்டுக் காட்டினேன். “டொக்டர். பிட்டே” என்று கெஞ்சினேன்.

நடுவர் தியாகலிங்கத்தின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணைப் பார்த்தார். மூன்று முறை நீளமாக விசில் ஊதினார். தொலைபேசி இருந்த கட்டடத்தை நோக்கி அந்த வயதில் அவர் ஓடிய ஓட்டத்தை எங்கள் அணியில் யாரும் அன்று ஓடவில்லை.

மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. அன்றே திறந்து எடுத்தார்கள். இன்னும் ஒரு மணித்தியாலம் ஆடியிருந்தால் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். வெளிநாட்டவர் பொலிசிலிருந்து கடிதம் வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தது ஆசுப்பத்திரிக் கடிதம் ஒன்றுதான்: தையல் பிரிக்க எந்த நாள் வரவேண்டும் என்று.

அடுத்த சனிக்கிழமை பாடனில் தேவாலய மண்டபம் ஒன்றில் கழகக் கூட்டம் நடந்தது. சேர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். விசிலை மேசையில் வைத்தார். எல்லோரும் கதிரைகளில் இருந்தோம், யாரும் எழும்பவில்லை.

“எங்களையும் இப்பிடித்தான் பழக்கினவை” என்றார் சேர். பிறகு ஜெயந்தி அக்காவின் பக்கம் திரும்பினார். “பிள்ளை, நீங்கள் என்னை—”

“மன்னிக்கிறதைப் பற்றி நான் இப்ப கதைக்கேல்லை, சேர்” என்றார் அக்கா. “எழுதுங்கோ.”

பேப்பரும் பேனாவும் அக்காவின் பையிலேயே இருந்தன.

சேர் கல்லூரி அதிபருக்கு எழுதினார். தேதி, மைதானம், கம்பம், தண்ணீர், பொய்க் கடிதம், எல்லாம். இடையில் ஓரிடத்தில் “துரதிர்ஷ்டவசமாக” என்று எழுதியதை வாசித்துவிட்டு, அந்தச் சொல்லை வெட்டச் சொன்னார் அக்கா. வெட்டினார். கீழே சேர் கையெழுத்து வைத்தபின் நானும் மகேஸ்வரனும் வைத்தோம். மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேரின் விலாசம் கிடைத்தது. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று அந்தக் கடிதம் சுற்றி வந்தது. ஐந்து பேரும் வைத்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: பழைய கடிதம் பதிவிலிருந்து நீக்கப்பட்டு, இது சேர்க்கப்பட்டது. ஜெயந்தி அக்கா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார், சந்திரகுமாரின் படத்துக்குக் கீழே.

சேர் பிறகு பயிற்சி கொடுக்கவில்லை. தலையில் அடிபட்டவனைப் பற்றிப் பயிற்றுநர் முடிவெடுக்கக்கூடாது, பக்கத்தில் நிற்கிற எவனும் பந்தைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தலாம் என்று இரண்டு கழகங்களும் எழுதி வைத்துக்கொண்டன.

மிச்சமிருந்த இருபது நிமிடங்களைச் செப்டம்பர் கடைசியில் பாடனில் ஆடினோம். மொட்டைத் தலையோடு தியாகலிங்கம் கோட்டுக்கு வெளியே ஒரு கதிரையில் இருந்து எல்லோரையும் ஏசினான். பதினேழாவது நிமிடத்தில், எதிரணி தன் கோலடியிலிருந்து வெளியே உதைத்த பந்து மகேஸ்வரனின் முழங்காலில் பட்டுத் தானாகவே கோலுக்குள் போயிற்று. அதை அவன் இன்றைக்கும் திட்டமிட்டு அடித்ததாகத்தான் சொல்கிறான்.

கிண்ணத்தைத் தில்லைநாதன்தான் எங்களிடம் தூக்கித் தந்தான். “இந்தா, இதையும் வீட்டை கொண்டுபோ” என்றான்.

அப்போதுதான் ஆற்றங்கரைப் பாதையால் ஒரு சிவப்புச் சைக்கிள் வந்தது. ஜெயந்தி அக்கா. சேலையை இழுத்துச் செருகியிருந்தார். சரிவில் இறங்கும்போது பாதையில் நின்றவர்கள் பதறி விலகினார்கள். எனக்கு முன்னால் வந்து, சரளைக்கல் தெறிக்க நிறுத்தினார்.

“பிறேக் பார்த்தனீங்களோ, அக்கா?”

“ஓம்” என்றார், மூச்சிரைத்துச் சிரித்தபடி. “ரெண்டும் பிடிக்குது.”