ஸ்டோரில் காய்ந்த ஈரல்

ராமருக்கு மகள் அனுசியாவின் வேலை பிடிக்கவே இல்லை. கரையில் செத்து ஒதுங்கிய திமிங்கலத்தை அறுத்து, எதனால் செத்தது என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா? இதற்குச் சம்பளம் தருகிறவன் மேலேயே அவருக்குச் சந்தேகம்.

அன்று ஒரு திமிங்கலத்தின் ஈரலில் ஒரு துண்டை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூத்துக்குடியிலிருந்து கொச்சி லேபுக்குக் கொண்டுபோனாள் அனுசியா. போடிமெட்டில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. மலையடிவாரத்தில் அப்பா ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் இறங்கினாள்.

"மூசா அண்ணே மீன்கடையில ஐஸ் வாங்கியாறேன். பெட்டியத் தொறக்காதப்பா."

தொறக்காதே என்று சொன்னால் ராமருக்குக் கை ஊறும். திறந்தார். ஐஸ் கரைந்த தண்ணீரில் ஈரல் மிதந்தது. வீச்சம் அடித்தது. பச்சைக்காய் வந்து இறங்கினால் போட்டுவைக்காமல் தட்டில் பரப்பி அனல் காட்டுவதுதான் அவர் காலமெல்லாம் பார்த்த வேலை. கெட்டுப்போவதற்குள் பிள்ளைக்கு ஒத்தாசை செய்வோம் என்று ஈரலைத் துண்டு போட்டுப் பரப்பி, அடுப்பை மூட்டிவிட்டார்.

ஐஸோடு வந்த அனுசியா தட்டைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பச்சையா இருந்தாத்தானப்பா என்ன விஷம்னு தெரியும். வயித்துப் பிள்ளையோட செத்துருக்கு அது."

"மீனுக்கு ஏது ஆத்தா வயித்துப் பிள்ளை?"

"மீனில்லப்பா. குட்டி போட்டுப் பால் குடுக்குற சீவன். ஏன் செத்துச்சுன்னு தெரியாட்டி, அடுத்ததும் சாகும்."

அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார். அவள் கத்தவில்லை. அதுதான் சுட்டது.

"அந்தச் சீவன் இன்னும் கரையிலதான் கெடக்கா?"

"கெடக்கு. பொழுது சாயப் பொதைச்சிருவாங்க."

"அப்ப என்ன உக்காந்துருக்கே? வெரசா எந்திரி!"

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் சின்ராசுவின் ஜீப்பில் ஏறினார்கள். சங்கதி தெரிந்ததும் சின்ராசு சிரித்தான். "கறி வெந்துருச்சு, கொழம்பு எப்ப மாமா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுடா."

கரையில் ஜே.சி.பி. குழி தோண்டிக்கொண்டிருந்தது. ஸ்டோர் நீளத்துக்குக் கிடந்த அந்த உடம்பை ராமர் ஒரு சுற்று சுற்றிவந்தார். அனுசியா இடுப்பு வரைக்கும் அதற்குள் குனிந்து இன்னொரு ஈரல் துண்டு அறுத்தாள். சின்ராசு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். ராமர் அசையாமல் ஐஸ் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார்.

வேறு பாதையில் கொச்சிக்குப் போகும்போது பெட்டி அவர் மடியில் இருந்தது. அனுசியா அசந்து தூங்கிவிட்டாள்.

"மாமா, உள்ள ஐஸ் இருக்கானு தொறந்து பாப்பமா?" என்றான் சின்ராசு.

"தொறந்தே, கைய ஒடிச்சுப்புடுவேன்."