மேனேஜர் மகள்

மண்ணூரை விட்டுக் குன்றத்தூருக்குக் குடிவந்ததே மகள் கலைமதியின் பள்ளிக்கூடத்துக்காகத்தான். பள்ளி வேன் வந்துபோகும் தெருவில், கேட்டில் செக்யூரிட்டி நிற்கிற பெரிய குடியிருப்பாகத் தேடிப் பிடித்தான் தசரதன். வந்த அன்றே லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்க, "ஒரகடத்துல மேனேஜர்" என்று வாய் முந்திக்கொண்டது. அவனோ அங்கே கார் கம்பெனியில், பெயின்ட் அடிக்கும் லைனில் ஆபரேட்டர்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! கம்பெனி பஸ் அந்த கேட்டிலேயே நின்றாலும் அவன் அங்கே ஏறுவதில்லை. வெள்ளைச் சட்டையில் கிளம்பி, அடுத்த ஸ்டாப் வரை நடந்து, டீக்கடை மறைவில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு ஏறுவான். "இன்னா தசரதா, டெய்லி வாக்கிங்கா?" என்று பஸ்ஸே சிரிக்கும்.

ஒருநாள் அவன் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளி வேன் எதிரே வந்து நின்றது. ஜன்னலோரம் கலைமதி. அவன் கையசைத்தான். அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முழுக்க அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெற்ற அப்பனைப் பார்த்து முகம் திருப்பவா இத்தனை பாடுபட்டு அந்தப் பள்ளியில் சேர்த்தது? இன்றைக்கு உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தான்.

கலைமதி ஓடிவந்து அவன் காதருகே கிசுகிசுத்தாள்.

"பயப்படாதப்பா. 'அது உங்கப்பாதானே'ன்னு வேன்ல கேட்டாங்க. எங்கப்பா மேனேஜரு, இது வேற யாரோன்னு சொல்லிட்டேன். கரெக்டாப்பா?"

பாராட்டுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.