படபடப்புக்காகக் காத்திருந்த ராத்திரி

எட்டு மாதமாக "வராதே, வராதே" என்று கெஞ்சிக்கொண்டிருந்த ஒன்றை, அந்த ஒரு ராத்திரி மட்டும் "வந்து தொலையேன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மார்பில் ஐந்து ஸ்டிக்கர், ஐந்து ஒயர், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. நெஞ்சு அடிப்பதை எல்லாம் அது எழுதி வைத்துக்கொள்ளுமாம். மறுநாள் காலை பத்து மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விட்டால் அடுத்த முறை என் கைக்கு வர மூன்று மாதம் ஆகும். ஆஸ்பத்திரியில் இருப்பதே இரண்டு பெட்டி, அதில் ஒன்று பழுது. "குடுங்க, கழற்றிப் பார்க்கிறேன்" என்றேன். மாட்டிவிட்ட ஆள் பழுதான பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

நான் வாஷிங் மெஷின் மெக்கானிக். இருபது வருஷமாக வீடு வீடாகப் போகிறேன். "நேத்தெல்லாம் கடகடன்னு ஒரே சத்தம்மா, நீங்க வந்ததும் சமத்தா ஓடுது" என்று சொல்லாத வீடே கிடையாது. மெஷினில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே படி இறங்குவேன். இந்த எட்டு மாதத்தில் அந்தச் சிரிப்பு அடியோடு நின்றுபோயிற்று.

ராத்திரி இரண்டு, இரண்டரை இருக்கும். தூக்கத்தில் புரண்டு படுப்பேன். யாரோ சுவிட்சைத் தட்டினாற்போல் நெஞ்சு திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். மெதுவாக ஆரம்பித்து ஏறுவதெல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஓட்டம்தான். தொண்டையில் அடிக்கும், காதில் அடிக்கும். எழுந்து சமையலறைக்குப் போய், குளிர்ந்த தரையில் காலை வைத்து உட்காருவேன். ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பேன். சுவரில் இருக்கும் டைல்ஸை எண்ணுவேன். நூற்றுப் பன்னிரண்டு டைல்ஸ், அதில் மூன்று விரிசல். பத்து நிமிடத்திலோ அரை மணியிலோ, வந்த மாதிரியே பட்டென்று நிற்கும். காலையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். மூன்று தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. மூன்று தடவையும் டிமிக்கி கொடுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடிகாலை நாலு மணிக்கு வேலை. ஒன்பது மணிக்குப் படுத்தால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். இரண்டு தடவை உலுக்கி எழுப்பினேன். இரண்டாவது தடவை, அவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் நெஞ்சு நல்ல பிள்ளையாகிவிட்டது. தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையேம்மா. மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது. அதற்குப் பிறகு நான் அவரை எழுப்பவே இல்லை. நெஞ்சில்தான் கோளாறா, இல்லை எனக்கே ஏதாவது கழன்றுவிட்டதா என்று போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு வேண்டியது அந்தப் பெட்டியில் ஒரே ஒரு கோடு.

புதிதாக வந்த டாக்டரம்மா மட்டும்தான் முழுதாகக் கேட்டார். "வந்ததும் பெட்டியில இருக்கிற பட்டனை அமுக்குங்க. உடனே ஐஸ் தண்ணி குடிச்சு நிறுத்திடாதீங்க, கொஞ்சம் பதிவாகட்டும். மயக்கமோ வலியோ வந்தா மட்டும் எதையும் பார்க்காம இங்கே வந்துடுங்க. மத்தபடி எப்பவும் போல இருங்க" என்றார்.

எப்பவும் போல இருப்பதா! ஒரே ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டா? சும்மா ஓடும்போது சத்தம் போடாத மெஷினில் கனமான போர்வையைப் போட்டுச் சுற்றவிட்டால் வண்டவாளம் வெளியே வரும். அதையேதான் எனக்கும் செய்தேன். சாயங்காலமே மூன்று காபி குடித்தேன். கல்லூரிக்குப் போகும் என் மகள் ஒரு பேய்ப் படத்தைப் போட்டுவிட்டு அவளே முதலில் அலறினாள். கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் வந்தாள்.

"அண்ணி, உங்களைக் கோபப்படுத்தணும், அவ்வளவுதானே? என்கிட்ட விடுங்க."

"முடிஞ்சா செஞ்சு பாரு."

"அண்ணனுக்கு முதல்ல பார்த்தோமே ஒரு பொண்ணு, அது இப்போ பேங்க் மேனேஜராம். நேத்துப் பார்த்தேன். ஒரு சுருக்கம் கூட இல்லே அண்ணி, உங்களை விட ரெண்டு வயசு பெரியவ!"

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அப்படின்னா அவளையே கட்டி வச்சிருக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "சும்மா கோபம்தாம்மா, வேற ஒண்ணுமில்லே" என்று உதட்டைப் பிதுக்கினாள். பிறகு நாலு மாடியும் ஏறி இறங்கினோம், மூன்று தடவை. வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு அடித்ததுதான், ஆனால் அது மாடி ஏறினால் யாருக்கும் அடிக்கிற அடி. என் ஆள் வரவில்லை. பதினோரு மணிக்கு நாத்தனார் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். வீட்டுக்காரர் வழக்கம்போல் குறட்டையில் இருந்தார். அழுகை அழுகையாக வந்தது. பெட்டியைத் திட்டிக்கொண்டே படுத்தேன்.

இரண்டு நாற்பதுக்கு இடப்பக்கம் புரண்டேன். சுவிட்ச் விழுந்தது.

"வந்துடுச்சு! அடி சக்கை, வந்துடுச்சு!" என்று வாய்விட்டே சொன்னேன். எட்டு மாதம் என்னைப் பாடாய்ப் படுத்திய சனியன், அன்றைக்கு அது வந்த சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பட்டனை அமுக்கினேன். பெட்டியில் பச்சையாக மின்ன வேண்டிய விளக்கு சிவப்பாக மின்னியது. மாடி ஏறி இறங்கிய வேர்வையில் இரண்டு ஸ்டிக்கர் கழன்று நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன. அடிப்பாவி, உனக்கு இந்தப் புத்தி தேவையா! அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். ஈரவிரலில் வழுக்கியது. எந்த நொடியில் நின்றுவிடுமோ தெரியாது.

பக்கத்தில் படுத்திருந்தவரைக் காலால் ஓர் உதை விட்டேன்.

"என்ன? என்ன ஆச்சு?"

"பேசாதீங்க! இது ரெண்டையும் அமுக்கிப் பிடிங்க! சீக்கிரம்!"

கண்ணாடிகூடப் போடவில்லை, பாவம். இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினார். விளக்கு பச்சையானது. எனக்குக் கத்தலாம் போலிருந்தது. அவர் முகத்தில்தான் தூக்கம் அப்படியே வடிந்துபோயிற்று.

"இது... இது உன் நெஞ்சா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரங்க நெஞ்சா?"

"ஐயோ, இப்படியா அடிக்கும்? கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். தண்ணியாவது கொண்டு வரேன்."

"கையை எடுத்தீங்க, கொன்னுடுவேன்! எனக்கு மயக்கம் இல்லே, வலி இல்லே. எழுதட்டும், நல்லா எழுதட்டும்!"

அவர் கையை எடுக்கவில்லை. "தினமுமா?" என்றார்.

"வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்."

"அப்போ நான் எங்கே இருந்தேன்?"

"இங்கேதான். குறட்டை விட்டுக்கிட்டு."

அதைக் கேலியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பயப்படாதே. நான் இருக்கேன். எனக்கு ஒரு பயமும் இல்லே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பதினாலு நிமிடம் ஓடி, பட்டென்று நின்றது. "போதும், விடுங்க" என்றேன். விட மாட்டேன் என்றுவிட்டார். நாலு மணிக்குத்தான் விரலை எடுத்தார், அதுவும் பேக்கரிக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்வதற்காக.

அன்று சாயங்காலமே டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் கோடு கோடாக ஓடியது. "கையும் களவுமா மாட்டிக்கிச்சு. நிமிஷத்துக்கு நூத்தித் தொண்ணூறு. இது மனசு பண்ற வேலை இல்லேம்மா. நெஞ்சுக்குள்ளே கரண்ட் போற வழியில ஒரு குறுக்குப் பாதை இருக்கு. மாத்திரை இருக்கு, தேவைப்பட்டா சின்னதா ஒரு சிகிச்சை இருக்கு. சரியாயிடும்."

"எனக்கு நிஜமாவே வியாதி இருக்கா டாக்டர்?" என்று நாற்காலியை விட்டுக் குதித்து எழுந்தேன். லாட்டரி விழுந்தவள்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். வெளியே இருந்த நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியலே" என்றார் டாக்டரம்மா. திரையில் விரலை வைத்தார். "இந்தப் பெரிய கோடு உங்க நெஞ்சு. அது மேலேயே பொடிப்பொடியா ஒரு நடுக்கம் ஓடுது பாருங்க. இது நெஞ்சிலேர்ந்து வர்றது இல்லே. உங்க துடிப்பு மூணு மணிக்கு முன்னாடியே சீராயிடுச்சு. இது மட்டும் நாலு மணி வரைக்கும் நிக்கவே இல்லே. ஸ்டிக்கரை ஏதாவது ஆட்டிக்கிட்டே இருந்துச்சா?"

வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அது இவரு, டாக்டர்" என்றேன்.

மேஜைக்கு அடியில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.