அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம்

ஓட்டலின் சலவைக்கூடம் தரைக்குக் கீழே இருந்தது. அதை ஒரு மஞ்சள் கோடு இரண்டாகப் பிரித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் அறைகளிலிருந்து வந்து விழும் விரிப்புகளும் துண்டுகளும், அவற்றை விழுங்கும் துவைக்கும் இயந்திரங்களும். இதற்கு அழுக்குப் பக்கம் என்று பெயர். அந்தப் பக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், கட்டிலை விட நீளமான இஸ்திரி உருளை, மடிக்கும் மேசைகள். அது சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்து ஆள் கை கழுவாமல் கோட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். பந்து விளையாட்டுக்கு நடுவராகப் போயிருக்க வேண்டியவர் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

அழுக்குப் பக்கத்தில் மூட்டை பிரிப்பவனை எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டார்கள். உயரமும் ஒல்லியும் அப்படி. அவசரத்துக்கு ஒட்டடை. சுத்தப் பக்கத்தில் இஸ்திரி உருளையின் வாயில் நிற்பவளுக்குக் கண்டக்டர் என்று பெயர். ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து உருளைக்குள் கொடுக்கும்போது, "உள்ள போ, உள்ள போ, வாசல்லயே நிக்காத" என்று அவள் போடும் அதட்டலுக்குக் கிடைத்த பட்டம் அது. இருவரும் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் என்று பேச்சு. அவளுடைய அக்காவும் ஒருவழியாக இறங்கி வந்திருந்தாள்.

அந்த அக்காவின் பிரசவத்துக்குத்தான் கண்டக்டர் ஒரு மாதம் போயிருந்தாள். அந்த மாதத்தில்தான் ஒட்டடை, முன்பு வேறொரு ஓட்டலில் தன்னோடு வேலை பார்த்த ஒருத்தியைத் தற்செயலாகப் பார்த்தான். டீ குடித்தார்கள், பழங்கதை பேசினார்கள், அவள் அறை பக்கத்தில்தான் இருந்தது. பிறகு இன்னொரு தடவையும் போனான். கண்டக்டர் திரும்பி வந்ததும், நடந்ததை நடக்காத மாதிரி மனதுக்குள் தள்ளி மூடிவிட்டான்.

உடம்பு மூடவில்லை. கொஞ்ச நாளில் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தான். எலுமிச்சை பிழிந்து குடித்துப் பார்த்தான். சீழ் வந்ததும் பயம் வந்து, மதிய வேளையில் அனுமதி கேட்டுக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனான். அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்த முக்கால்வாசிப் பேர் அவன் வயசுக்காரர்கள். எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று சொல்லிவைத்துக்கொண்டு வந்தது போல.

"வெட்டை நோய்" என்றார் நர்ஸ், ஜலதோஷம் என்று சொல்வது போல. "பயப்படாதீங்க. ஒரு ஊசியில போயிடும். இந்த வாரமே நிறைய பேருக்குப் போட்டாச்சு. கூட இருக்கறவங்க யாராவது உண்டா?"

"உண்டு."

"அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பொம்பளைங்களுக்குப் பாதி நேரம் ஒண்ணும் காட்டாது தம்பி. சத்தம் போடாம மேல ஏறும். கர்ப்பப்பை, கருக்குழாய்னு போய் உக்காந்துக்கும். பின்னால குழந்தை வேணும்னு நிக்கறப்பதான் தெரியவரும். அவங்களுக்கு மருந்து போடாம நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தா, போனது திரும்ப உங்களுக்கே வரும்."

ஊசி வலித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே ஒட்டடை பஸ் ஏறினான். வழி நெடுக ஒரே கணக்கு. அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும். ஆனால் தன் குட்டு உடையக் கூடாது. இறங்குவதற்குள் ஒரு யோசனை பிறந்துவிட்டது. அதை நினைத்து அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

அறைக்குள் போனதும் சொன்னான். "கண்டக்டர், எனக்கு ஒரு தொத்து வந்திருக்கு. வெட்டையாம். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்பை மாரோட அணைச்சுத் தூக்கறோமில்ல, அதுல வந்திருக்கு. போன வாரம் அஞ்சாம் மாடியிலேர்ந்து ஒரு மூட்டை வந்துச்சே, அதுவாத்தான் இருக்கும். உன்னையும் வந்து பாத்துக்கச் சொன்னாங்க."

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

"என்னை எதுக்கு? நான் எந்தப் பக்கம் நிக்கறவ? அந்த உருளைச் சூட்டுல விரலை வச்சா தோல் உரியும். அதுல எந்தக் கிருமிடா உசுரோட வரும்?"

"என்கிட்டேர்ந்து உனக்கு வந்திருக்கும்ல..."

"உனக்கு வந்ததே போன வாரம்ங்கற. போன வாரம் பூரா அடிவயிறு வலிக்குதுன்னு நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன். காத்துலயா வந்து ஒட்டும்?"

பொய்யை அவன் கட்டியிருந்த அழகில், அவளுக்கு நோய் வர வழியே இல்லை. அதைவிட, அடிவயிறு வலி என்று அவள் போகிற போக்கில் சொன்னதும் நர்ஸ் சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது.

"வலி இன்னும் இருக்கா?"

"நாள் பூரா நின்னா வலிக்காம என்ன பண்ணும்? அதை விடு. ஓட்டல்காரனைச் சும்மா விடக் கூடாது. கையுறை கூடக் குடுக்காம வேலை வாங்கறான்."

அவள் யாரையும் சும்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாளே சலவைக்கூடத்தில் பேச்சைப் பற்ற வைத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. 'ஒருத்தருக்கு விரிப்பிலிருந்து தொத்து வந்திருக்கு' என்று மட்டும். மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் எங்காவது அரித்தது. கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் தையல்காரர், ஊசியை வாயில் வைத்துக்கொள்ளும் தன் பழக்கத்தை நினைத்துப் போய் நாலு தடவை வாய் கொப்பளித்தார்.

"ஏம்மா கண்டக்டர், அந்த நோய் வாய் வழியா வருமா?"

"உங்க வாய்க்கு வந்தா அது செத்துடும் அண்ணே."

"சிரிக்காத. வீட்ல அவ கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ஓட்டல் மேல பழியைப் போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டடை மட்டும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு, இல்லாத துண்டு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

கையுறை இல்லாமல் மூட்டை பிரிக்க மாட்டோம் என்று ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர் மேலே ஓடினார். முழங்கை வரை வரும் நீல நிறக் கையுறைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. கண்டக்டருக்கு வெற்றி. எல்லாரும் அவளைத் தட்டிக் கொடுத்தார்கள். அவள் தனக்கும் ஒரு ஜோடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒட்டடையிடம் கையை ஆட்டிக் காட்டினாள். "இனிமே எந்த நோயும் நம்மகிட்ட வராது. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு இனி பேச்செடுக்காத." அன்று சாயங்காலம் அக்கா அனுப்பிய குழந்தையின் வீடியோவைப் பார்த்து, "நமக்கு முதல்ல பொண்ணுடா" என்றாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் சுருங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

ஒட்டடை மறுபடி கிளினிக்குக்குப் போனான், தனியாக.

"அவங்களுக்கு வேண்டியதைக் குடுத்துடுங்க, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

"ஊசியைப் பையில போட்டா எடுத்துட்டுப் போவீங்க? வலி இருக்குங்கறீங்க. அப்ப அவங்களே வரணும், படுக்க வச்சு நாங்க பாத்தாகணும். சொல்ல முடியலைன்னா எங்ககிட்ட நம்பர் குடுங்க. உங்க பேரைச் சொல்லாம, உங்களோட பழகின ஒருத்தருக்கு இந்தத் தொத்து இருக்கு, வந்து பாத்துக்கங்கன்னு நாங்க சொல்றோம். நிறைய பேருக்கு அப்படித்தான் செய்யறோம்."

ஒட்டடை யோசித்தான். "அவளுக்கு நான் ஒருத்தன்தான்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப நீங்கதான் சொல்லணும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க. ஒவ்வொரு நாளும் அவங்க உடம்புலதான் கழியுது."

அடுத்த நாள் இஸ்திரி உருளை நின்று போயிற்று. மெக்கானிக் வந்து அதன் வயிற்றைத் திறந்து போட்டுவிட்டு ஏதோ பாகம் வாங்கப் போய்விட்டான். உலர்த்தியிலிருந்து வரும் விரிப்புகளைக் கையாலேயே இழுத்து மடிக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆள் போதாமல், கை கழுவிய ஒட்டடையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரவிட்டார். உயரமானவன் என்பதால் பெரிய கட்டில் விரிப்புக்கு அவனையும் கண்டக்டரையும் ஜோடி சேர்த்தார்.

ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விலகி நின்று, இழுத்து உதறி, நடுவில் வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். உலர்த்திகளின் இரைச்சலில் ஒரு கை தூரத்தில் இருப்பவருக்கு மட்டுமே பேச்சு கேட்கும்.

முனை சேர்க்க வந்தபோது ஒட்டடை சொன்னான். "அது விரிப்புல வரலை."

"எது?" அவள் விலகிப் போய் இழுத்தாள். அவனும் இழுத்தான். திரும்பவும் நடுவுக்கு வந்தார்கள்.

"எனக்கு வந்த நோய். நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப நான் ஒருத்திகிட்ட போனேன். அவகிட்டேர்ந்து வந்தது. நீ வந்ததுக்கு அப்புறம் நாம சேர்ந்து இருந்தோம். அதனால உனக்கும் இருக்கும். அந்த வயித்து வலி நிக்கறதால வர்றதில்லைன்னு நினைக்கிறேன்."

அவள் கை நின்றது. விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டது. தரையில் பட்டால் மறுபடி அழுக்குப் பக்கம் போக வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த சட்டம். சூப்பர்வைசர் விசிலை எடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எத்தனை தடவை?"

"ரெண்டு."

"உனக்காக ஊரைக் கூட்டினேனேடா. அத்தனை பேர் முன்னால கத்தினேனே. நீ பாத்துக்கிட்டு நின்னியே."

"ஆமா."

"ஆமாவா? ஒரு இல்லைகூடச் சொல்லத் தோணலையா உனக்கு?"

"இல்லைன்னு சொன்னா நீ டெஸ்டுக்குப் போக மாட்ட."

அவள் அவன் கையிலிருந்த முனைகளையும் பிடுங்கிக்கொண்டாள். விரிப்பைச் சுருட்டி அழுக்கு மூட்டையில் எறிந்தாள். "அந்த கிளினிக் எங்க இருக்கு?"

சொன்னான். "நானும் வரேன்" என்றான்.

"நீ வந்தா அங்க வச்சே உன்னைக் கொன்னுடுவேன். நர்ஸம்மாவுக்கு வேற வேலை இருக்கும்."

அவள் திரும்பி அறைக்கு வந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒட்டடை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றாமல், கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஊசி போட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மாத்திரை. உள்ள வீங்கியிருக்காம், கர்ப்பப்பை பக்கம்." சாமான் பட்டியலை ஒப்பிப்பது போல ஒரே குரலில் சொன்னாள். "பொறுத்துத்தான் பாக்கணுமாம். சீக்கிரம் வந்திருக்கீங்க, சரியாயிடும்னுதான் நினைக்கிறோம்னாங்க. நினைக்கிறாங்களாம். இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாமான்னு கேட்டேன். அந்தம்மா பதில் சொல்லலை. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

ஒட்டடை எழுந்தான்.

"பக்கத்துல வராத. அக்கா கிளம்பிட்டா, கைக்குழந்தையோட. அவ வரும்போது நீ இங்க இருக்கக் கூடாது. தையல்காரரு வீட்ல கேளு, இல்ல எங்கயாவது போ. அப்புறம் என்னன்னு நான் சொல்றப்ப சொல்றேன். நீயா வந்து கேக்காத."

"சரி."

"அவளுக்குச் சொன்னியா?"

"யாருக்கு?"

"யாருக்கா? உன் அத்தை மகளுக்கு! அவளுக்குத்தான்டா, அந்த இன்னொருத்திக்கு. அவளுக்கும் இப்படித்தானே ஒண்ணும் தெரியாம உள்ள வீங்கிட்டு இருக்கும்."

அவன் சொல்லியிருக்கவில்லை. அவளைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. நர்ஸ் கேட்டபோது, கூட இருப்பவள் என்று கண்டக்டரை மட்டுமே சொல்லியிருந்தான்.

"போ. போய்ச் சொல்லு. பெட்ஷீட்டு, தலையணைன்னு கதை விடாத."

ஒரு பையில் இரண்டு சட்டையை அமுக்கிக்கொண்டு ஒட்டடை இறங்கினான். படிக்கட்டில் பக்கத்து அறைக்காரர் தண்ணீர்க் கேனோடு ஏறி வந்தார். அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, அவர் போன பிறகு போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் விட்டால் தேவலை என்று ஒரு மனசு நினைத்தது. எடுத்துவிட்டாள்.

"என்ன அதிசயம், திடீர்னு என் ஞாபகம்?"

"எனக்கு வெட்டை நோய் இருந்துச்சு. ஊசி போட்டாச்சு. நீயும் போய்ப் பாத்துக்கணும். அப்புறம் வேற யாரோடயாவது பழகியிருந்தா, அவங்களும்."

"அடப்பாவி" என்றாள். "என்கிட்டேர்ந்துதான் வந்ததுன்னு சொல்றியா?"

"யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு எனக்குத் தெரியாது. போய்ப் பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே இருக்கேன்."

"அப்படித்தான் இருக்குமாம்."

அவள் குரல் இறங்கிக் கேட்டது. "அங்க திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க. காலையில போனா கூட்டம் கம்மி" என்றான். எந்த பஸ், எங்கே இறங்குவது என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தான்.